கன்னத்தில் அடக்கிய குண்டுகள்

அவள் பேசினால் சத்தம் வலது கன்னத்திலிருந்து மட்டும்தான் வரும். இடது கன்னத்தில் குண்டுகள் இருக்கும். ஏர்கன்னில் போட்டுப் பலூன் சுடுகிற குண்டுகள். உளுந்து அளவு, நடுவில் இடுப்பு ஒடுங்கியவை. ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி அடக்கிக்கொள்வாள். சுட வந்தவர் துப்பாக்கியை நீட்டியதும் குழலை மடக்குவாள். நாக்கால் ஒரு குண்டை உதட்டு நுனிக்குத் தள்ளி, இரண்டு விரலால் எடுத்துக் குழலில் அழுத்தி, நிமிர்த்தித் திருப்பிக் கொடுப்பாள். இவ்வளவும் நாம் ஒரு தும்மல் போடுவதற்குள் முடிந்துவிடும்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், சீசன் முழுக்க அவள் கடை இருக்கும். கடை என்றால் நான்கு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், பின்னால் பலூன் கட்டிய பலகை, முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் இரண்டு துப்பாக்கி. அவள் புருஷன் பலகைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டே இருப்பான். நாலு கடை தள்ளிக் கைப்பம்பு விற்கிறார்கள், அதை வாங்க மாட்டான். புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் வாய்தான் மூலதனம் என்று நான் அவர்கள் காதுபடவே கேலி செய்திருக்கிறேன். அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிக்க வாயில் இடம் இருக்காது.

கேலி எனக்குத் தொழிலோடு வந்த பழக்கம். தென்காசியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீஷியன். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிற ஆட்களிடம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவர்கள் சிரிக்கிற நேரத்தில் ஊசி இறங்கிவிடும். பதினைந்து வருஷமாக இப்படித்தான். அந்த சிஸ்டர் குத்தினா வலிக்காது என்று என்னைக் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் பெயர் எங்கள் பதிவேட்டில் மூன்று சீசனுக்கு இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை. வயது இருபத்தாறு என்று ஒரு வருஷம், அடுத்த வருஷமும் இருபத்தாறு. ஊர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டபோது, சீசனுக்குக் குத்தாலம், பிறகு எங்கன கோயில் கொடை நடக்குதோ அங்கன என்றாள். நான் குற்றாலம் என்றே எழுதிக்கொண்டேன்.

குண்டை ஏன் வாயில் வைக்கிறாள் என்பதற்குக் காரணம் குரங்கு. ஐந்தருவிக் குரங்குகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கையில் எது இருந்தாலும் அதற்குத் தின்பண்டம்தான். அவள் கல்யாணமாகி வந்த முதல் சீசனில், குண்டு வைத்திருந்த தகர டப்பாவை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, மூடியைக் கடித்துப் பார்த்துவிட்டு, டப்பாவோடு ஓடையில் போட்டுவிட்டது. அன்று முழுக்கக் கடை நடக்கவில்லை. மாமியார்தான் வாயில் அடக்கச் சொல்லிக் கொடுத்தாளாம். அந்த மாமியாரும் அப்படித்தான் செய்தாளாம். சாரலில் கை ஈரமாக இருந்தாலும் வாயிலிருந்து எடுத்த குண்டு வழுக்காது, கீழே சேற்றில் விழாது, குரங்கும் பறிக்காது. கேட்கும்போது எனக்கும் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

முதல் தடவை அவள் எங்களிடம் வந்தது வயிற்று வலிக்கு. டாக்டர் சீட்டில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. ரத்தம் எடுக்கும்போது, கரு கலைஞ்சு ரெண்டு வாரம் ஆகுது சிஸ்டர், இது ரெண்டாவது என்றாள். அன்று வாயில் குண்டு இல்லை. பேசும்போது பல் ஈறு ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. வெற்றிலை போடுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் மிகவும் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் மூன்றாவதும் கலைந்து வந்தாள். அதே சீட்டு, அதே மாத்திரை.

அந்த இரண்டாவது சீசனில்தான் என் மகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். அவளுக்கு அப்போது பத்து வயது. அவள் அப்பா குவைத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் நிற்கிற பிள்ளை, கேட்டால்தான் பேசும். அருவியில் குளிக்கக்கூடப் பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பலூன் கடையைத் தாண்டும்போது மட்டும் நகர மாட்டேன் என்றாள். சரி, சுட்டுவிட்டு வா என்றேன்.

முதல் குண்டு படவில்லை. இரண்டாவதும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். கடைக்காரி என் மகளின் பின்னால் வந்து நின்று, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் சரியாக அணைத்துவிட்டாள். பிறகு ஒற்றைக் கன்னத்தால் மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, சுடணும்னு நெனைக்காத. நிக்கணும்னு மட்டும் நெனை. மூச்ச பாதி விட்டுட்டு நிறுத்து. இந்தத் துப்பாக்கி வலப்பக்கம் ரெண்டு விரல் தள்ளி அடிக்கும், நீ இடப்பக்கம் பாரு."

அதற்குப் பிறகு எட்டுக்கு ஏழு பலூன் வெடித்தது. என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைக்கு ஐந்தருவிதான். அந்த சீசனும் அடுத்த சீசனும் அப்படியே போயின. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் கடைக்காரி அவளைச் சும்மாவே சுட விடுவாள். குண்டு போடாமல் வெறும் துப்பாக்கியைக் கால் மணி நேரம் பிடித்தபடி நிற்கச் சொல்லுவாள். கை நடுங்கினால் வைத்துவிடு என்பாள். குழலின் வாய் எப்போதும் பலகையைத்தான் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது, குண்டு இல்லாவிட்டாலும் கூடாது. அதில் மட்டும் அவளிடம் விளையாட முடியாது.

ஒருநாள் வெளியூரிலிருந்து வேனில் வந்த வாலிபர்கள் நாலைந்து பேர், அதில் ஒருவன் போதையில் இருந்தான். துப்பாக்கியைத் திருப்பித் தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்த குட்டிக் குரங்குக்குக் குறி வைத்தான். அவள் வாயிலிருந்த குண்டு அத்தனையையும் உள்ளங்கையில் துப்பிவிட்டு, ஏலே என்று ஒரு சத்தம் போட்டாள். அருவிச் சத்தத்தையும் தாண்டி அந்தச் சத்தம் கேட்டது. அவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, குழலை மடக்கி, உள்ளே இருந்த குண்டைத் தட்டி எடுத்தாள். அவன் கொடுத்த காசைத் திருப்பிப் பெஞ்சில் வைத்தாள். அவர்கள் போன பிறகு துப்பிய குண்டுகளைச் சேலையில் துடைத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். அவளுடைய முழுக்குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மூன்றாவது சீசன் முடியப் போகிற நேரம் அவள் தானாகவே சொன்னாள், பிள்ளையை இனிமேல் இங்கே கூட்டி வர வேண்டாம் என்று. நான் ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

"இங்கன உள்ள துப்பாக்கி எல்லாம் பொய் சொல்லும் சிஸ்டர். நாங்கதான் வளைச்சு வச்சிருக்கோம், எல்லாரும் அடிச்சா கடை நடத்த முடியுமா. இவ கை நல்ல கை. உண்மை சொல்லுத துப்பாக்கி இருக்குத எடத்துல கொண்டு விடுங்க."

தொழில் ரகசியத்தை இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அவள்மேல் தனிப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். அப்போது அவளுக்கு நாலு மாதம். வயிறு லேசாக எடுப்பாகத் தெரிந்தது. இந்தத் தடவ தங்கும் சிஸ்டர், எனக்குத் தெரியுது என்றாள். கடையைப் பிரிக்கும் முன் ரத்தம் பார்த்துக்கொண்டு போக ஒருநாள் எங்களிடம் வந்தாள்.

அன்று குளித்துத் தலை பின்னி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அப்போதும் கன்னத்தில் குண்டு இருந்தது, கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். நான் ஊசியைக் கையில் எடுத்தபடி என் வழக்கப்படி ஒரு கேலியை எடுத்து விட்டேன்.

"வாய் நெறைய இரும்ப வச்சுக்கிட்டு, ரத்தத்துல இரும்பு இல்லைன்னு வாறியே. அத முழுங்கினாலே தேறிருவே போலிருக்கே."

ஊசி இறங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஏதோ யோசிக்கிறவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு உள்ள போனா ரத்தம் ஊறுமா சிஸ்டர் என்று கேட்டாள். ஊறும், பின்னே மாத்திரை எதுக்குக் கொடுக்கிறோம் என்றேன். அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலம் அந்தக் கேலியை எங்கள் நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் மகளைத் தென்காசியிலேயே ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்தேன். செங்கோட்டை ரோட்டில் நீளமான தகரக் கொட்டகை. ஒரு முனையில் நிற்கிற இடம், பத்து மீட்டர் தள்ளி அட்டைகள். பயிற்சி கொடுப்பவள் முப்பது வயதுப் பெண், மாநிலப் போட்டிகளில் சுட்டவள். என் மகள் துப்பாக்கியை ஏந்தி நின்ற விதத்தைப் பார்த்ததும், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். பலூன் கடையில் என்றேன். பரவாயில்லையே என்றாள். எனக்கு என்னமோ நானே பாஸ் பண்ணின மாதிரி இருந்தது.

பிறகு குண்டு டப்பாவை என் மகளிடம் கொடுத்தாள். பிள்ளை ஐந்தாறு குண்டை எடுத்தது, வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டது.

அந்தப் பெண் ஓடி வந்த வேகத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிள்ளையின் தாடையைப் பிடித்து, துப்பு துப்பு என்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாலைந்து தடவை வாய் கொப்பளிக்க வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இது ஈயம், அம்மா. விஷம். தொட்ட கைய கழுவாம தண்ணி குடிக்கக்கூட நான் விடமாட்டேன். நீங்க லேப்லதானே வேலை பாக்குதிய?"

ஆமாம், லேபில்தான் வேலை பார்க்கிறேன். குண்டு என்றால் இரும்பு என்று நானாக முடிவு செய்துகொண்டவள். ஒரே ஒரு தடவை விரலால் நசுக்கிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும், அவ்வளவு மிருதுவான உலோகம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் ரத்தம் குறையும், வயிறு வலிக்கும், ஈறில் கருநீலக் கோடு விழும், கரு தங்காது. படிக்கிற காலத்தில் இவ்வளவும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பலூன் கடை வாசலில் இரண்டு வருஷம் நின்றவளுக்கு அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

மகளின் ரத்தத்தை நானே எடுத்தேன். அன்று கேலி எதுவும் சொல்லவில்லை. ஈயம் பார்க்கிற வசதி எங்களிடம் கிடையாது, சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் சோற்றில் கை வைத்தேனே தவிர சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. அளவு கொஞ்சம் கூடுதல்தான், இனி படாமல் பார்த்துக்கொண்டால் தானாக இறங்கிவிடும் என்றார் டாக்டர். கடைக்குப் போகும் நாளில் மட்டும்தான் கடைக்காரி மாதிரிச் செய்து பார்த்ததாக மகள் அழுதுகொண்டே சொன்னாள். போன உயிர் திரும்பி வந்தது.

தன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனுஷிக்கு அடுத்தவள் நினைவு முழுதாக வருகிறது. அதற்கு நான் விதிவிலக்கு இல்லை. அவளுக்கு இப்போது ஆறாவது மாதம் ஆகியிருக்கும். இன்னும் வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். இப்போதே நிறுத்தச் சொன்னால் அந்தப் பிள்ளையையாவது காப்பாற்றலாம். பதிவேட்டில் இருந்த அவள் புருஷனின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ஐந்தருவி சாலைக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் கம்பு நட்ட குழி மட்டும் இருந்தது. பக்கத்தில் டீக்கடை அண்ணாச்சியிடம் விசாரித்ததில், சிவகிரியில் ஒரு அம்மன் கோயில் பொங்கல் விழாவுக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றார். அங்கிருந்தபடியே பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சிவகிரியில் இறங்கும்போது மணி மூன்று. மழையில் சேறாகிக் கிடந்த பொட்டலில் ராட்டினம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பலூன் பலகை தெரிந்தது. அவள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

வயிறு இல்லை.

கன்னம் மட்டும் இருந்தது, முன்பு பார்த்ததை விடப் பெரிதாக.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள். பதினைந்து நாள் ஆகிறது. ஆம்பளைப் பிள்ளை. தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டே பெஞ்சின் மேலிருந்த துப்பாக்கியை நகர்த்தப் பார்த்தாள். வலது கை மணிக்கட்டு நிமிரவில்லை, தொங்கியது. இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்ப கொஞ்ச நாளா இந்தக் கை இப்படித்தான் இருக்குது, குழல் மடக்க முடியல என்றாள்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. உளறிக் கொட்டினேன். வாயில் இருப்பது இரும்பு இல்லை, ஈயம், விஷம், உடனே துப்பு, ரத்தக் குறைவும் வயிற்று வலியும் கையும் எல்லாம் இதனால்தான் என்றேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் ஊதிக்கொண்டிருந்த பலூனை வாயிலிருந்து எடுத்துவிட்டான், அது காற்று இறங்கிக் கையிலேயே சுருங்கியது.

அவள் எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குண்டுகளையே பார்த்துக்கொண்டு, வாயில் எதுவும் இல்லாத முழுக்குரலில் பேசினாள். கோபமே இல்லை. நான் எதையோ மறந்துவிட்டேன், அதை ஞாபகப்படுத்துகிறாள், அவ்வளவுதான்.

"நீங்கதான சிஸ்டர் சொன்னிய, இரும்பு உள்ள போனா ரத்தம் ஊறும்னு. முந்தி கடையில இருக்கையில மட்டும்தான் வைப்பேன். நீங்க சொன்னதுக்குப் பெறவு தூங்கும்போதும் வச்சுக்கிட்டேன். தெனம் ஒண்ணு முழுங்கவும் செஞ்சேன். இந்தப் பிள்ளைக்காவது ரத்தம் வேணும்லா."

நான் அவள் காலடியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கேலிக்குச் சொன்னேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவளை இன்னொரு தடவை அடித்த மாதிரி இருந்திருக்கும். திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த சீட்டைப் புருஷனிடம் கொடுத்தேன். நானே கூட வருகிறேன் என்றேன். பொங்கல் முடிஞ்சு போறோம் என்றான். அவள் என் மகளைப் பற்றிக் கேட்டாள். நல்லா இருக்கா என்றேன். அவ வாயில வைக்கலையே என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை என்றாள்.

அதற்குள் இரண்டு பிள்ளைகள் சுட வந்து பெஞ்சில் காசு வைத்தார்கள். அவள் உள்ளங்கையிலிருந்த குண்டுகளைப் பெஞ்சில் கொட்டிவிட்டு, குழலைத் தொடையில் வைத்து இடது கையால் மடக்கினாள். வலது கையின் தொங்குகிற விரல்களால் ஒரு குண்டை எடுத்தாள். கை நேராக வாய்க்குப் போனது. உதட்டைத் தொட்டதும் நின்றது. அங்கேயே சற்று நேரம் நின்றுவிட்டு, கீழே இறங்கியது. குண்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. அவள் குனிந்து தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

பொங்கல் முடிந்து அவர்கள் திருநெல்வேலிக்குப் போனார்களா என்பது எனக்குத் தெரியாது. சீட்டில் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன், அப்படி ஒரு பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். நான்கு சீசன் போய்விட்டது. ஐந்தருவி சாலையில் அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். என் மகள் மாவட்டப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கிவிட்டாள். குண்டை டப்பாவிலிருந்து எடுக்கிறாள், சுட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். சுடணும்னு நினைக்காதே, நிக்கணும்னு மட்டும் நினை என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். யார் சொன்னது என்று அவர்கள் கேட்டால் ஒரு அக்கா என்கிறாளாம். அந்த அக்காவுக்கு என்ன ஆனது என்று அவள் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

இப்போதும் அதே நிலையத்தில்தான் ரத்தம் எடுக்கிறேன். அந்த சிஸ்டர் முந்தி மாதிரி இல்லை, கை வலிக்கிற மாதிரி குத்துது என்று வழக்கமாக வருகிறவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வலிக்கட்டும். நான் ஒன்றும் சொல்லாமல் குத்துகிறேன்.